இருநூத்தி இருபத்தஞ்சு அடி தோலும் அஞ்சு வெள்ளிக்கெழமையும்

தேவா அண்ணன மெஷின் ஷெட்ட விட்டு லைம் யார்டுக்குத் தள்ளுனது எங்க மொதலாளி இல்ல. நான் எழுதுன ப்ரோக்ராம். இத மொதல்லயே சொல்லிடறேன். நடுவுல சிரிப்பு வரும், அப்ப யாரப் பாத்து சிரிக்கணும்னு தெரிஞ்சு சிரிங்க.

இப்ப கம்ப்யூட்டர் கத்துக்கிற புள்ளைங்க, நெட்டு ரெண்டு நிமிஷம் சுத்துனா மொபைல தூக்கி அடிக்கிறீங்க. நான் ஒரு ஃபைல எறக்க நாலு வெள்ளிக்கெழமை காத்திருந்தவன். எறக்குனதுக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது, அந்த ஃபைலே வேணாம்னு. அந்தக் கதை தான் இது.

1. அஞ்சு மூணு

எனக்கு ஊரு பள்ளிகொண்டா. வேலை ஆம்பூர்ல ஒரு தோல் ஃபேக்டரில. படிப்பு ஆறாங்கிளாஸ், அதுவும் முழுசா இல்ல. பின்னக் கணக்கு நடத்த ஆரம்பிச்சாங்க. கோட்டுக்கு மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர். மேல இருக்கிறவன் யாரு, கீழ இருக்கிறவன் யாருன்னு கேட்டேன். வாத்தியார் பிரம்ப எடுத்தாரு. நான் பைய எடுத்தேன். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ஃபேக்டரில எனக்கு மெஷர்மென்ட் மெஷின். ரெடியான ஆட்டுத்தோல ஒரு பக்கம் உள்ள விடணும். வெளிய வரும்போது எத்தன சதுர அடின்னு முள்ளு காட்டும். அதப் பாத்து நான் சத்தமா கத்தணும். "அஞ்சு மூணு! நாலு ஒண்ணு! ஆறு!" எதிர்ல தேவா அண்ணன் டேலி புக்க வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான் கத்தறத அப்படியே எழுதுவாரு. அஞ்சு பெருசா இருக்கும், அதோட தோள் மேல மூணு சின்னதா உக்காந்திருக்கும். நாங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே தோல் லைன்ல அப்படித் தான் எழுதுவாங்க.

தேவா அண்ணன் ஜாஸ்தி பேச மாட்டாரு. ஞாயித்துக்கெழமை சர்ச்ல பாட்டுக்கு மட்டும் தான் வாய தொறப்பாருன்னு நான் கிண்டல் பண்ணுவேன். ஆனா கூட்டல்ல புலி. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ ரெண்டு ரெண்டு டோட்டல் போடுவாரு. ஏன் ரெண்டுன்னு ஒம்போது வருஷத்துல நான் ஒரு நாளும் கேக்கல. எனக்குக் கத்தறது தான் வேலை.

2. சாம்பார்ல போன ப்ரோக்ராம்

ரெண்டாயிரம் பொறக்கற சமயத்துல எங்க ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு. அத பாத்துக்கிட்டவன் இம்தியாஸ், ஆபீஸ் கிளார்க்கு, நம்ம தோஸ்த். லெட்டர் அடிப்பான், ஃபேக்ஸ் அனுப்புவான். சாப்பாட்டு நேரத்துல அது சும்மா கெடக்கும். நானும் சும்மா கெடப்பேன். ரெண்டு பேரும் சிநேகம் ஆயிட்டோம்.

வேலூர்ல பழைய புஸ்தகக் கடைல பேசிக்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை, அதக் கத்துக்குடுக்கற புஸ்தகம் ஒண்ணு வாங்குனேன். இங்கிலீஷ்ல இருந்துச்சு. எனக்கு இங்கிலீஷ்ல தெரிஞ்சது ஏ பி சி டி, ஓகே, சாரி. அதனால எழுத்த எழுத்தா பாத்து, படம் வரையற மாதிரி அடிப்பேன். என்ட்டர் தட்டுனா 'சின்டாக்ஸ் எர்ரர்'னு வரும். "இன்னாடா இது, திட்டுதா?"ன்னு இம்தியாஸ கேட்டேன். "ஆமா, உன்ன தான்"னான். கமா விட்டா திட்டும், புள்ளி விட்டா திட்டும். வீட்ல கூட நான் அவ்ளோ திட்டு வாங்குனதில்ல.

ஒரு வருஷத்துல ஓரளவு வந்துச்சு. பேக்கிங் லிஸ்ட்டு போடற ப்ரோக்ராம் ஒண்ணு எழுதுனேன். ஒரு லாட்ல ஆயிரம் தோல் இருந்தா ஆயிரம் அளவயும் வரிசையா டைப் பண்ணி, கூட்டி, வெளிநாட்டு பார்ட்டிக்கு அனுப்பணும். கையால பண்ணா ரெண்டு நாள். என் ப்ரோக்ராம்ல பட்டன தட்டுனா டோட்டல் வந்து நிக்கும். ரெண்டு மாசம் எழுதுனத ஃப்ளாப்பில போட்டு சாப்பாட்டு பையில வெச்சேன். டிபன் கேரியர் மூடி லூசு. ப்ரோக்ராம் பூரா சாம்பார். திரும்ப மொதல்ல இருந்து எழுதுனேன். அதுல இருந்து ரெண்டு ஃப்ளாப்பி, ரெண்டு பை.

திரும்ப எழுதும்போது ஒரு பேஜாரு. அந்த சின்ன நம்பர தோள் மேல ஒக்கார வைக்க கம்ப்யூட்டர்ல எடம் இல்ல. சரின்னு நடுவுல ஒரு புள்ளி வெச்சேன். அஞ்சு, புள்ளி, மூணு. ஆஹா, இன்னா மூளைடா உனக்குன்னு நானே என் முதுக தட்டிக்கிட்டேன்.

3. டெமோ

எங்க மொதலாளிய எல்லாரும் பெரிய பாய்னு தான் கூப்புடுவோம். "ப்ரோக்ராம் சரியா ஓடுச்சுன்னா உன்ன ஆபீஸ்ல போடறேன்"னு சொல்லியிருந்தாரு. சேரு, மேல ஃபேனு. நான் அந்த ஃபேனுக்குக் கீழ உக்காந்து கனவு கூட கண்டுட்டேன்.

டெமோ அன்னிக்கி கம்ப்யூட்டர மெஷின் ஷெட்டுக்கே தூக்கிட்டு வந்தோம். ஷெட்டே கூடி நிக்குது. டேலி புக்க பாத்து ஆயிரம் தோல் அளவயும் முன்னாடியே ஏத்தி வெச்சிருந்தேன். பட்டன தட்டுனேன். 4887.2ன்னு வந்துச்சு.

பெரிய பாய் டேலி புக்க பாத்தாரு. "தேவா ஐயாயிரத்து நூத்திப் பன்னெண்டு ரெண்டுன்னு போட்டிருக்கானே?"

கடைசி ரெண்டு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒத்துப் போச்சு. அதுல எனக்கு ஒரு சந்தோஷம் வேற.

"இருநூத்தி இருபத்தஞ்சு அடி வித்தியாசம் வருது. எது சரி?"ன்னாரு.

நான் இன்னா சொல்லணும்? பாக்கறேன் பாய்னு சொல்லணும். ஆனா எல்லாரும் என் வாயவே பாக்கறாங்க. மேல ஃபேனு வேற சுத்தற மாதிரி இருக்கு.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது பாய்"னேன்.

அதுக்கு முன்னாடியே மூணு வாட்டி பார்ட்டி கிட்ட இருந்து ஃபேக்ஸ் வந்திருந்துச்சு, அளவு கம்மியா இருக்குதுன்னு. தோல் காஞ்சா கொஞ்சம் சுருங்கும், அது தான்னு விட்டிருந்தாங்க. இப்ப, புக்குல டோட்டல ஏத்திக் காட்டிட்டு அந்தத் தோல வெளிய தள்றாங்களோன்னு நெனச்சு, பெரிய பாய் மெதுவா தேவா அண்ணன் பக்கம் திரும்புனாரு.

"தேவா, எத்தன நாளா இது?"

"பாய், அவன் கத்துனத தான் நான் எழுதுனேன்."

"அவன் கத்துனத தான கம்ப்யூட்டர்லயும் போட்டிருக்கான்?"

தேவா அண்ணன் என்ன ஒரு வாட்டி பாத்தாரு, அவ்ளோ தான். பென்சில காதுல இருந்து எடுத்து டேலி புக்கு மேல வெச்சிட்டு எழுந்தாரு. உண்மை தெரியற வரைக்கும் லைம் யார்டுல இருக்கட்டும்னாரு பெரிய பாய். பச்சத் தோல சுண்ணாம்புல ஊறப் போடற எடம் அது. முப்பது வருஷம் பென்சில் புடிச்ச கை.

எனக்கு ஆபீஸ்ல சேரு வந்துச்சு. ஃபேனும் சுத்துச்சு. காத்து மட்டும் வரல.

4. ஜும்மா டைம்

தேவா அண்ணன் திருடுவாருன்னு நான் நம்பல. கம்ப்யூட்டர் தப்பு பண்ணும்னும் நம்பல. நடுவுல நான் ஒருத்தன் இருக்கேன்றது மட்டும் எனக்குத் தோணவே இல்ல. அப்ப இம்தியாஸ் நெட்டுல எதையோ தேடிட்டு வந்து சொன்னான்.

"டேய், ப்ரோக்ராம் ஓடறதுக்கு ஒரு ரன்டைம் ஃபைல் வேணுமில்ல, நம்ம கிட்ட இருக்கிறது ரொம்ப பழசு. அதுல புள்ளிக் கணக்கு ஏதோ தகராறாம். புதுசு எறக்குனா சரியா போவும்னு போட்டிருக்கான்."

"எறக்குடா அப்ப!"

"ஒம்போது எம்பி."

இப்ப ஒம்போது எம்பின்னா யாரோ காலைல அனுப்பற குட் மார்னிங் வீடியோ. அப்ப அது ஒரு மணி நேரம். அதுவும் லைன் கட் ஆவாம இருந்தா. கட் ஆனா மொதல்ல இருந்து. எங்களுக்கு இருந்தது ஒரே போன் லைன். அதுல தான் ஃபேக்ஸ், அதுல தான் நெட்டு, அதுலயே பெரிய பாய் வீட்டுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். பத்து நிமிஷம் சேந்தாப்பல லைன் சும்மா இருக்காது.

நான் தான் கண்டுபுடிச்சேன். வெள்ளிக்கெழமை ஜும்மா. பன்னெண்டே முக்காலுக்கு பெரிய பாய்ல இருந்து இம்தியாஸ் வரைக்கும் எல்லாரும் தொழுகைக்குப் போய்டுவாங்க. ரெண்டு மணிக்கு தான் ஃபேக்டரிக்கு உயிர் வரும். ஒண்ணே கால் மணி நேரம் லைன் நம்ம கைல. இம்தியாஸ் பாஸ்வேர்ட ஒரு துண்டு சீட்டுல எழுதிக் குடுத்துட்டு தொப்பிய போட்டுக்கிட்டு ஓடுவான். நான் மோடத்த டயல் பண்ணுவேன். அது கீ கீன்னு கத்தி, கர்ருனு காறி, ஒரு வழியா கனெக்ட் ஆவும்.

மொத வெள்ளிக்கெழமை, எழுவத்தி ஒரு பர்சென்ட். கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் போட வேண்டியவரும் தொழுகைல.

ரெண்டாவது வாரம் எம்பத்தி நாலு. வெளிநாட்டு பார்ட்டிக்கு வெள்ளிக்கெழமை நமக்கு ஜும்மான்னு தெரியுமா? ஃபேக்ஸ் அனுப்ப போன் அடிச்சான். கால் வெயிட்டிங் சத்தம் டொக்குனு ஒரு தட்டு. நெட்டு கட்டு.

மூணாவது வாரம் தொண்ணூத்தி ஏழு. நான் மூச்ச புடிச்சிக்கிட்டு ஸ்க்ரீன பாக்கறேன். கட்டு. இன்னாடான்னு பாத்தா, பாய் வீட்டம்மா தங்கச்சிக்குப் போன் பண்ண எக்ஸ்டென்ஷன எடுத்திருக்காங்க. காதுல மோடம் கத்துன கத்துல, போன கீழ போட்டுட்டு, வேலைக்காரம்மாவ கூப்புட்டு, "உள்ள யாரோ மாட்டிக்கிட்டு அழறாங்க, போய் பாரு"ன்னாங்களாம். எல்லாரும் மசூதிக்குப் போய்டுவாங்கன்னு கணக்கு போட்டவன், வீட்ல இருக்கிற பொம்பளைங்கள கணக்குல எடுக்கவே இல்ல.

இந்த மூணு வாரமும் சாயங்காலம் பஸ்ஸுக்கு நான் லைம் யார்டு வழியா தான் போவணும். தேவா அண்ணன் கை வெள்ள வெளேர்னு வெடிச்சிருந்துச்சு. ஒரு நாள் நின்னு, "அண்ணா, ஃபைல் ஒண்ணு எறக்கறேன். வந்துடுச்சுன்னா எல்லாம் சரியா போய்டும்"னேன்.

"எங்க இருந்து எறக்கற?"

"நெட்டுல இருந்து."

"ம்"னாரு. திரும்ப தோல பெரட்ட ஆரம்பிச்சாரு.

5. கத்தாத

நாலாவது வெள்ளிக்கெழமை, வீட்டம்மா ஊருக்குப் போயிருந்தாங்க, கரண்டும் இருந்துச்சு, பார்ட்டியும் தூங்கிட்டான் போல. நூறு பர்சென்ட். நான் சேர விட்டு எழுந்து ஆடுனேன். யாரும் பாக்கல, நல்ல வேளை. ஃபைல ஏத்துனேன். ப்ரோக்ராம ஓட்டுனேன்.

4887.2.

பட்டன திரும்பத் தட்டுனேன். அதே. கம்ப்யூட்டர அணைச்சுப் போட்டேன். அதே. இம்தியாஸ் மேஜைல இருந்த கால்குலேட்டர எடுத்து டேலி புக்குல ஒரு பக்கத்த புள்ளி வெச்சு வெச்சு கூட்டுனேன். அந்தப் பக்கத்துக்குக் கம்ப்யூட்டர் இன்னா சொல்லுச்சோ அதே தான் அதுவும் சொல்லுச்சு.

ஒளிக்காம சொல்றேன். அந்த நிமிஷம் எனக்கு தேவா அண்ணன் மேல சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேள நெஜமாவே பண்ணியிருப்பாரோ? ஒம்போது வருஷம் எதிர்ல உக்காந்த மனுஷன, ஒரு கால்குலேட்டர நம்பி சந்தேகப்பட்டேன்.

ரெண்டு மணி ஆயிடுச்சு, இம்தியாஸ் வந்தான். கடைசியா ஒண்ணு பாப்போம்னு, ப்ரோக்ராம் எழுதறவங்க பேசிக்கிற ஒரு குரூப்புல கேள்வி போட்டோம். ப்ரோக்ராமயும் நானூறு தோலோட அளவயும் கூட சேத்து அனுப்புனோம். அஞ்சே நிமிஷம் தான், அதுக்குள்ள ஃபேக்ஸுக்கு லைன் கேட்டாங்க.

பதில் பாக்க அடுத்த வெள்ளிக்கெழமை ஆச்சு. அன்னிக்கி இம்தியாஸ் தொழுகை முடிச்சிட்டு சீக்கிரம் ஓடியாந்தான். அஞ்சு பதில் வந்திருக்கு. எனக்கு ஒரே பெருமை. இம்தியாஸ் படிச்சு சொல்றான்.

"மொத ஆளு, 'கத்தாத'ன்றான்."

"நான் எங்கடா கத்துனேன்?"

"நீ பூரா பெரிய எழுத்துல அடிச்சிருக்க. நெட்டுல அது கத்தற மாதிரியாம். ரெண்டாவது ஆளும் கத்தாதன்றான். மூணாவதும் அதான். நாலாவது ஆளு, மூணாவது ஆள திட்டறான்."

கத்தறத தவிர வேற வேலை தெரியாதவன நெட்டு வரைக்கும் கண்டுபுடிச்சிட்டாங்க.

"அஞ்சாவது?"

இம்தியாஸ் வெரல வெச்சு மெதுவா படிச்சான். "'உன் ப்ரோக்ராம் சரியா தான் கூட்டுது. ஆனா ஒரு விஷயம். நீ அனுப்புன நானூறு நம்பர்லயும் புள்ளிக்கு அப்புறம் ஜீரோ, ஒண்ணு, ரெண்டு, மூணு மட்டும் தான் வருது. நாலுல இருந்து ஒம்போது வரைக்கும் ஒரு வாட்டி கூட வரல. நீ இன்னா அளக்கற?' அவ்ளோ தான் எழுதியிருக்கான். ஆமா, நாலு ஏன்டா வரல?"

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. "லூசா அவன்? நாலு எப்படிடா வரும்? நாலு கால் சேந்தா தான் ஒரு அடி ஆயி..."

அதோட என் வாய் நின்னு போச்சு.

எங்க லைன்ல அளவு கால் கணக்கு. "அஞ்சு மூணு"ன்னா அஞ்சடி, மூணு கால். அதாவது அஞ்சே முக்கா. ஷெட்டுல குழந்தைக்குக் கூட தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சு தெரிஞ்சு, யோசிக்கறதே விட்டுப் போச்சு. நான் வெச்ச புள்ளி, ஒவ்வொரு காலயும் பத்துல ஒண்ணா வெட்டிடுச்சு. முக்கா அடிய கம்ப்யூட்டர் பத்துல மூணு பங்குன்னு தான் எடுத்துக்கிச்சு. ஆயிரம் தோல்ல அப்படி கொறஞ்சது தான் இருநூத்தி இருபத்தஞ்சு அடி. தேவா அண்ணன் பக்கத்துக்கு ரெண்டு டோட்டல் போடுவாருன்னேனே? ஒண்ணு முழு அடி. ஒண்ணு கால். கால நாலால வகுத்து முழுசுல சேப்பாரு. நான் பைய எடுத்துக்கிட்டு ஓடுன அதே பின்னக் கணக்கு.

6. மெஷின் கிட்ட

இம்தியாஸ் கதவ சாத்திட்டு வந்தான். "டேய், கேளு. வைரஸ்னு சொல்லிடு. நெட்டுல இருந்து வந்துச்சு, நம்பர பூரா தின்னுடுச்சு, இப்ப வெரட்டிட்டோம்னு சொல்லு. பாய்க்கு இன்னா தெரியும்? தேவாவும் திரும்ப வந்துடுவாரு, உன் சேரும் உனக்கு இருக்கும்."

நல்ல யோசனை தான். பொய் சொல்லலன்னா நான் ரொம்ப நல்லவன்னு நெனைக்காதீங்க, நான் வைரஸ்ஸுக்கு ஒரு பேரு கூட யோசிச்சு வெச்சிட்டேன். ஆனா மொதல்ல தேவா அண்ணன் கிட்ட சொல்லிடலாம்னு யார்டுக்குப் போனேன். அங்க போயி அந்தக் கைய பாத்ததும் வைரஸ் வாயில வரல. நடந்தத அப்படியே சொன்னேன்.

அவரு கைய தொட்டித் தண்ணில கழுவிக்கிட்டே கேட்டாரு. கழுவி முடிக்கறதுக்குள்ள எல்லாம் புரிஞ்சு போச்சு அவருக்கு.

"யாருடா சொன்னது இத?"

"தெரியாதுண்ணா. எந்த ஊரு, எந்த நாடுன்னு கூட தெரியாது."

"அஞ்சு வாரமா போன் லைன்ல தொங்கிக்கிட்டு, எந்த நாட்லயோ இருக்கிறவன கேட்டிருக்க. ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்திருந்தேன். எப்படிண்ணா கூட்டறன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

கை தொடைக்க என் துண்ட நீட்டுனேன்.

"பாய் கிட்ட ஆபீஸ்ல வெச்சு சொல்றேண்ணா..."

"ஆபீஸ்ல வேணாம். மெஷின் கிட்ட சொல்லு. அங்க தான எல்லாரும் கேட்டாங்க."

ரெண்டேகாலுக்கு ஷெட்டுக்குப் பெரிய பாய கூட்டிட்டு வந்தான் இம்தியாஸ். மெஷின நிறுத்துனாங்க. ஒம்போது வருஷமா கத்துன எடத்துல நின்னு, அதே சத்தத்துல சொன்னேன். "தேவா அண்ணன் கணக்கு சரி. தப்பு கம்ப்யூட்டரோடது இல்ல, என்னோடது. கால புள்ளின்னு போட்டுட்டேன்."

பெரிய பாய் டேலி புக்க எடுத்துப் பாத்தாரு. அவரும் அந்த லைன்லயே வளந்தவரு, சொன்ன உடனே புரிஞ்சுடுச்சு. "நானும் டேலி புக்க பாத்தேனே, எனக்கும் தோணல"ன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டாரு. அப்புறம் தேவா அண்ணன் கைய புடிச்சு, "மாஃப் பண்ணு தேவா"ன்னாரு. என் பக்கம் திரும்புனாரு. "நீ மெஷினுக்குப் போ. உனக்கு ஃபேன் காத்து ஒத்துக்கல."

போனேன். ஆறு மாசம் திரும்பக் கத்துனேன்.

சாப்பாட்டு நேரத்துல தேவா அண்ணன் பக்கத்துல உக்காந்து ப்ரோக்ராம திருத்துனேன். முழு அடிக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம். முடிஞ்சதும் அவரு ஒத்த வெரலால மொதல்ல அடிச்சது அஞ்சு, நாலு. கம்ப்யூட்டர் பீப்னு கத்தி, ஒத்துக்க மாட்டேன்னுச்சு. அப்ப தான் லேசா சிரிச்சாரு. "இது உன்ன விட தேவலடா."

அப்புறம் நான் இந்தப் பக்கத்துல பல தோல் ஃபேக்டரிக்கு ப்ரோக்ராம் எழுதுனேன். நெட்டு வேகமாச்சு, ஃபைல் எல்லாம் கண் மூடித் தொறக்கறதுக்குள்ள எறங்குச்சு. ஆனா எங்க போனாலும் நான் மொதல்ல கம்ப்யூட்டர் கிட்ட போறதில்ல. அந்த வேலைய கையால பண்றவன் பக்கத்துல சேர இழுத்துப் போட்டு உக்காருவேன். சும்மா உக்காந்தா பத்தாது, ஒம்போது வருஷம் நானும் உக்காந்தவன் தான். இது எதுக்கு, அது எதுக்குன்னு வாயத் தொறந்து கேக்கணும். சிரிச்சா சிரிக்கட்டும்.

தேவா அண்ணன் ரிட்டையர் ஆவற வரைக்கும் என் ப்ரோக்ராம நம்பல. ஒவ்வொரு லாட்டுக்கும் பென்சில்ல ரெண்டு டோட்டலும் போட்டு முடிச்சிட்டு, அப்புறம் தான் ஸ்க்ரீன் பக்கம் திரும்புவாரு. நம்பர் ஒத்துப் போச்சுன்னா, கையெழுத்து போடுவாரு. பேப்பர்ல. அவரு நிமிர்ற வரைக்கும் நான் மூச்ச புடிச்சிக்கிட்டு நிப்பேன், தொண்ணூத்தி ஏழு பர்சென்ட்ல நின்ன மாதிரி.